காலித் தட்டுக்கு ஒரு நட்சத்திரம்

“இந்தக் காலத்துல எந்த வீட்டுலயும் முதல் பந்தி மனுஷனுக்கு இல்லம்மா, போனுக்குத்தான்! அடுப்படியில கிளிக்குன்னு சத்தம் கேக்கும். அப்புறந்தான் எனக்குத் தட்டு வரும்.”

பெரியவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டு ஆலோசனை மையத்தில் இருந்த ஆலோசகர் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் லாரி எடைமேடையில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். எடை குறைத்துக் காட்டப் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே அரையடி நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் வானத்தைப் பார்க்கும் ஓட்டுநர்கள் எத்தனையோ பேரைக் கண்டவர். யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் அவரிடம் கிடையாது.

“அந்தக் கிளிக்தான் ஐயா உங்க பொண்ணைக் காப்பாத்தியிருக்கு.”

“போன் காப்பாத்துதாமில்ல! நாளைக்கு அதுவே ஊட்டியும் விடும்னு சொல்லுவீங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடையில் போட்டிருந்த நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஏசி ஆகாது என்று கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த மேல்கோட்டு. மடியில் போன். நாளைக் காலை ரயிலில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். விடுதியில் தனி அறை.

இரண்டு வருடத்துக்கு முன் சாப்பாட்டையே வெறுத்தவள் அவள். கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் நிறுத்தினாள். ஒருநாள் குளியலறையில் சுருண்டு விழுந்தவளைத் தூக்கியபோது, கையில் இருப்பது மகளா, வெறும் துணியா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறினாள்.

தேறியவள் மறுபடி அதே பள்ளத்தில் விழக் கூடாது என்றுதான் போனில் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சாப்பிட்டபின் காலித் தட்டையும் எடுக்க வேண்டும். காலித் தட்டுக்கு ஒரு நட்சத்திரம். ஒரு வேளைக்குப் படம் வராவிட்டாலும் இங்கிருந்து விசாரித்துக் கூப்பிடுவார்கள்.

“தொண்ணூறு நாள்ல ஒரு வேளைகூடத் தவறல ஐயா. இங்க வேற யாரும் இவ்வளவு நட்சத்திரம் வாங்கினதில்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, இனிமே நேர்ல வரவே வேண்டாம். போன் பாத்துக்கும்.”

“எடை போட்டுப் பாத்தீங்களா?”

“மெஷின்ல ஏறுங்கன்னு சொன்னாலே அவங்களுக்குப் பழைய பயம் கிளம்பிடும். அதனால இப்ப அதைக் கேக்கறதே இல்ல.”

“எடை போடாமலே சீட்டுக் கிழிச்சுக் குடுக்கற இடத்தை இப்பத்தான் பாக்கறேன்.”

“நீங்க கூடத்தானே இருக்கீங்க? அவங்க சாப்பிடறதைப் பாக்கலையா?”

“பக்கத்துல ஆள் இருந்தா அவளுக்குத் தொண்டையில இறங்காது. பின்னாலயே போய் நிக்காதீங்கன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான் அனுப்பினாங்க. அவ அடுப்படியில, நான் கூடத்துல. கேட்டா, ‘எனக்கு ஆச்சுப்பா’ம்பா.” சொல்லும்போதே பெரியவரின் குரல் இளகியது. “என்னைத்தான் விடமாட்டா. மூணு மாசத்துல சட்டைப் பொத்தானெல்லாம் என்கூடச் சண்டைக்கு வருது.”

“பாத்தீங்களா! அப்பாவுக்கு ஆசையாப் பரிமாறுற அளவுக்குச் சாப்பாட்டு மேல இருந்த பயம் போயிடுச்சு.”

அது அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. எப்படியோ இந்தத் தொல்லை இன்றோடு ஒழிந்தால் சரி. பேனாவை வாங்கினார். எண்களைத் தவிர அவருக்குத் தெரிந்ததே கையெழுத்துக்கு வேண்டிய எழுத்துகள்தான். அதில் முதல் எழுத்தை நிதானமாக இழுத்தார்.

“முடிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாருங்க. சந்தோஷப்படுவீங்க,” என்று அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தப் படங்களை அவர் பார்த்ததே இல்லை. ரொட்டி, முட்டை, வேகவைத்த காய் என்று நிறைந்த ஒரு தட்டு. பக்கத்திலேயே அது காலியான படம். மறுநாள் நிறைந்த தட்டு, காலித் தட்டு. அதற்கும் மறுநாள். பெரியவருக்கு நெஞ்சு விம்மியது. என் பிள்ளை தின்றிருக்கிறாள். வேளை தவறாமல் தின்றிருக்கிறாள்.

“இன்னொண்ணு காட்டும்மா.”

காட்டினாள்.

“இன்னொண்ணு.”

அதையும் காட்டினாள். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அந்தக் காலித் தட்டைப் பெருசாக்கு.”

“ஓ, அந்த ரொட்டி ஓரமா? அதை மட்டும் எப்பவும் பிச்சு வச்சிடறாங்க. பரவாயில்ல ஐயா, அதுக்கெல்லாம் நட்சத்திரத்தைக் குறைக்கறதில்ல.”

பேனா நழுவி மேசையில் உருண்டது. பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்தார்.

“ஐயா! கையெழுத்தைப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே! இவ்வளவு காட்டியும் நம்பலையா?”

அவர் நிற்கவில்லை. மேல்கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மகளை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்:

“எம்பொண்ணுக்குப் பல்லு அத்தனையும் கல்லு மாதிரி இருக்கு. கடைவாய்ல பல்லு இல்லாம ரொட்டி ஓரத்தைப் பிச்சு வைக்கிறவன் நான். அந்தத் தொண்ணூறு நாளும் நான் தின்ன தட்டும்மா!”