வாங்காத சாவி

ரத்து செய்யவே முடியாது என்று எழுதிப் பதிவு செய்த தானத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தமயந்திக்குத் தெரியவில்லை. வேறு சாதியில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அப்பா எந்த வீட்டின் கதவைச் சாத்தினாரோ, அந்த வீட்டை அவளிடம் கேட்காமலே அவள் பெயருக்கு எழுதிவிட்டார். அவள் கணவன் சாகும்வரை அந்த வாசற்படி ஏறியதில்லை. இப்போது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, அவள் வரும்போதெல்லாம் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டுகிறார்.

“புடி தாயி. நீ வாங்கிட்டா நிம்மதியாப் போயிருவேன்.”

“கஞ்சி ஆறுது. மொதல்ல இதக் குடிங்க.”

வக்கீல் காசிராஜன் ஆசையாக விளக்கினார். “எழுதிக் குடுத்தவருதாம்மா மாத்த முடியாது. தானத்துக்கு ரெண்டு கை வேணும் பாத்துக்கிடுங்க. ஒண்ணு குடுக்கணும், ஒண்ணு வாங்கணும். அதையும் குடுத்தவர் உசிரோட இருக்கும்போதே வாங்கணும். சாவிய வாங்கினாக்கூட வாங்கினதுதான்.”

“வாங்கலன்னா?”

“தானம் செல்லாது. ஆனா நீங்க ஒரே பிள்ள, வாரிசுன்னு வீடு எப்படியும் ஒங்களுக்குத்தான வரும்? அதுல என்ன வித்தியாசம்?”

“அது சட்டம் குடுக்கிறதுதான? அவர் குடுத்தது இல்லையே?”

வக்கீல் பத்திரத்தை மடித்து வைத்தார். “இல்ல” என்றார்.

மறுநாளும் சாவி நீண்டது. தமயந்தி ஒரு கையில் கிண்ணத்தையும் இன்னொரு கையில் கரண்டியையும் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சு நிற்கும்வரை இரண்டு கையிலும் ஏதாவது இருந்தால் போதும்.