அசையாத எண்

“நாலு தடவை ஒரே மாதிரி சொன்னாத்தாம்மா நம்பும். ஒரு தடவை, ரெண்டு தடவை சொன்னா காதுலயே போட்டுக்காது.”

போனில் அம்மா பெருமூச்சு விட்டாள். “மாப்பிள்ளையும் உங்கப்பா மாதிரியே வந்து வாய்ச்சிட்டாரா? விட்டுப் பிடிடி.”

“ஐயோ, மாப்பிள்ளை இல்லம்மா. மீட்டருக்குள்ள இருக்கிற சிப்பு!”

மகள் சிரித்தாள். மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் அது. பக்கத்து ஹாலில் வெல்டிங் பொறி பறந்தால் போதும், கம்பி வழியே இரைச்சல் புகுந்து, 1480 என்ற எண் ஒன்பதாயிரத்துக்குத் துள்ளும்.

இரண்டு முறை மேலாளர் கண்ணெதிரிலேயே துள்ளி அவள் மானத்தை வாங்கிவிட்டது. இன்றும் துள்ளினால் வேலையைப் பிடுங்கி அடுத்த அறைக்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்குத்தான் மூன்று நாள் உட்கார்ந்து சிப்புக்கு ஒரு வடிகட்டி எழுதினாள். மோட்டார் சுற்றச் சுற்ற சென்சாரிலிருந்து வரும் கணக்கு அடுத்தடுத்து நான்கு முறை ஒன்றாக இருந்தால்தான் எண் மாறும். கணக்கு மாறி மாறி வந்தாலும், வராமலே போனாலும் பழைய எண்ணையே உடும்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் மோட்டாரை ஓட்டி, 1480 வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான், அதை ஓடவிட்டபடியே வராந்தாவுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே போனபோது மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“என்னம்மா, இன்னைக்கும் உன் குரங்கு குதிக்குமா?”

“நீங்களே பாருங்க சார்.”

மோட்டார் இடுப்புயர இரும்புப் பெட்டிக்குள் மூடிக் கிடந்தது; ஓடுகிற சத்தம்கூட வெளியே வராது. வெளியே தெரிந்தது ஒரு கம்பியும் மேஜைமேல் மீட்டரும்தான். மேலாளர் ஹால் பக்கம் திரும்பி, “வெல்டிங்கைப் போடுங்கய்யா!” என்று கத்தினார். பொறி பறந்தது. எண் குத்துக்கல்லாக நின்றது.

அவருக்குத் திருப்தியில்லை. கம்ப்ரஸரையும் போடச் சொன்னார், பெரிய ட்ரில்லையும் போடச் சொன்னார். பேசினால் காது கேட்காத சத்தம். மீட்டரில் அதே 1480.

“அட!” என்றவர், கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மோட்டார் பெட்டியின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். தண்ணீரில் ஒரு நெளிவுகூட இல்லை.

“அடியில ரப்பர் மெத்தை போட்டியா?”

“நேத்தே போட்டுட்டேன் சார்.”

“அதானே பார்த்தேன்! போன வாரம் இதுமேல வெச்ச என் மூக்குக்கண்ணாடி தானா நடந்து போய்க் கீழ விழுந்துச்சு.”

சத்தங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். “பாருங்கய்யா, வேலைன்னா இதுதான் வேலை. நீங்களும்தான் இருக்கீங்களே!” அடுத்த அறைக்காரர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கைதட்டினார்.

“மீட்டரை இன்னைக்கே அனுப்பிடலாம்மா. இனிமே இந்தப் பிரிவு முழுக்க உன் பொறுப்பு.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு எலெக்ட்ரீஷியன் வந்தார். காதில் டெஸ்டர், கையில் கருகிப்போன ஒரு பியூஸ். இத்தனை பேரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“காலையில போன பியூஸை மாத்திட்டேன் மேடம். இப்ப மோட்டாரை ஓட விடலாமா?”