மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலி

அந்தச் சின்ன நாடக அரங்கம் ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்கு. ஜன்னல் கிடையாது, கூரை மட்டும் எட்டாத உயரம். நாற்காலிகள் இடிபட்ட ஒரு சினிமா கொட்டகையிலிருந்து வந்தவை; ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்து டப்பென்று மடிந்துகொள்ளும்.

ஒத்திகை தொடங்கியதும் மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலி மட்டும் ஆளில்லாமலே தாழும். நாடகத்தை எழுதி இயக்கியவள், அரங்கின் தச்சு வேலையைப் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஸ்பிரிங் நல்லாத்தான்க்கா இருக்கு. கழட்டிடவா?"

"இருக்கட்டும்டா."

அவளுக்கு உறுத்தியது வேறு. அப்பா இறந்து, மகள் கதறியழும் காட்சி வந்தால் போதும், நாற்காலி டப்பென்று மடிந்துவிடும். தினமும் அதே இடத்தில்.

"யாரோ பாதியில எந்திரிச்சுப் போறாங்க," என்று நடிகர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்க்கா," என்றான் தம்பி, "நம்ம அப்பா போனப்போ நீ அழவே இல்லையே. அவரு முட்டிக்குத் தடவுற தைலத்தை எடுத்து உள்ள வச்சே. அவ்வளவுதானே?"

அன்றே அழுகையை வெட்டினாள். மகள் வாய் திறக்காமல் தைலக் குப்பியை அலமாரியில் வைக்கிறாள். நாற்காலி கடைசிவரை மடியவில்லை.

மறுநாள் ஒத்திகைக்கு அது வழக்கம்போல் தாழ்ந்தது. சற்றுப் பொறுத்துப் பக்கத்து நாற்காலியும் தாழ்ந்தது. முட்டி வலிக்காரர் உட்காருவதுபோல, பாதியில் ஒருமுறை நின்று, பிறகு மெல்ல.