ராக்கெட் கட்டிக்கொண்ட லாரி

வண்டி கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில், பாலத்துக்கு முன்னால் ஓர் எடைமேடை இருந்தது. நான்கு ஸ்பிரிங், மேலே ஒரு பலகை, பக்கத்தில் ஒரு முள். பலகை அமுங்க அமுங்க முள் ஏறும். பாலம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சிவப்புக் கோடு உண்டு.

இரும்பு ஏற்றிய லாரி வந்து நின்றது. முள் கோட்டைத் தாண்டியது.

"பாதியை இறக்கிட்டு வாங்க," என்றது எடைமேடை.

"உன் ஸ்பிரிங் சரியில்லை. என்னைப் பார்த்தா அவ்வளவு கனமாவா தெரியுது?"

முறைத்துவிட்டுப் போன லாரி, இரண்டு பக்கமும் ராக்கெட் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மேடையில் ஏறியதும் பற்றவைத்தது. ராக்கெட்டுகள் லாரியை மேலே தூக்க, முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

"இப்ப என்ன சொல்றே?"

"முள் இறங்கிடுச்சு, தாராளமா போங்க. பாலம்தான் கொஞ்சம் நீளம். அந்தக் கரை வரைக்கும் ராக்கெட் எரியுமா?"

லாரி பாலத்தைப் பார்த்தது. கீழே ஓடும் ஆற்றையும் பார்த்தது. அதற்குள் ராக்கெட்டுகள் இருமத் தொடங்கின. முள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறியது.



"இரும்பை எந்தப் பக்கம் இறக்கணும்?" என்று கேட்டது லாரி.