இடப்பக்கத்து முகம்

"ஒரே ஒரு விளம்பரம் மட்டும் வரணும்டா" என்றாள் யேரின்.

சங்பேவுக்கு எரிச்சல் வந்தது. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் விளம்பரத் தடுப்பானை நேற்றுதான் போட்டு முடித்திருந்தான். கொரிய விளம்பரங்களுக்கென்று தனி ஃபில்டர் லிஸ்ட் தேடிச் சேர்த்து, அதனால் வங்கிப் பக்கம் திறக்காமல் முரண்டு பிடித்ததைச் சரிசெய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"எல்லாரும் தொல்லை ஒழிஞ்சதுன்னு சந்தோஷப்படறாங்க. உங்களுக்கு மட்டும் என்னக்கா?"

"லிஸ்ட்ல ஒரு விதிவிலக்கு எழுதுறியா, மேனேஜர்கிட்ட போகவா?"

எழுதினான். முகத்தை மாற்றித் தரும் ஆஸ்பத்திரி ஒன்றின் விளம்பரம் விரிந்தது. இடப்பக்கம் சிகிச்சைக்கு முன், வலப்பக்கம் பின். வலப்பக்கம் இருந்தது, சியோல் மெட்ரோவில் பெட்டிக்குப் பத்துப் பேரிடம் பார்க்கும் முகம்.

"இப்ப வலப்பக்கத்தை மட்டும் மறை."

"மாத்திச் சொல்றீங்கக்கா. லட்சணமா இருக்கிறதே அதுதான். இடப்பக்கம் பாருங்க, சின்னக் கண்ணு, சதுரத் தாடை. இந்த மூஞ்சியைத் தினம் யாரு பார்ப்பா?"

"நான் பார்ப்பேன்."

"உங்க தங்கச்சியா?" அவன் குரல் இறங்கியது.

"அவளோட போட்டோ இது ஒண்ணுதான் மிச்சம். அம்மா பெட்டியில இருந்தது, ஸ்கூல் ஆல்பத்துல இருந்தது, எல்லாம் போச்சு."

"அடப்பாவமே! யாரு அழிச்சது?"

"நான்தான். ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அன்னிக்கே."

சங்பே திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அப்போ... வலப்பக்கத்தையும் விட்டுடவாக்கா?"

"அதான் தினம் கண்ணாடியில வருதே. மறைடா!"