கன்னத்தில் நான்கு நிறங்கள்

"கன்னம் பச்சையா இருக்குமாம்மா? இது முகமா, மாங்காயா?"

கம்ப்யூட்டர் டிசைன் மாஸ்டர் அவளிடம் கேட்டதும் வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர், வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய கணவர்தான்.

அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அவள் முகமே நான்கு கட்டங்களில், கறுப்பு வெள்ளையில் இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் நிறம். முதல் கட்டத்தில் சிவப்பு, அடுத்து ஊதா, பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள்.

"ஒரே போட்டோவ நாலு தடவை வெச்சு, கலர மட்டும் மாத்தச் சொன்னேன். நீ என்னடான்னா, காய்ச்சல்னு ஒன்பது நாள் லீவு போட்டுட்டு நாலு போட்டோ எடுத்து வெச்சிருக்க. எதுக்கு இந்த வெட்டி வேலை?"

"எனக்கு நாலும் வேணும் சார்."

"கலராவது பளிச்சுனு இருக்கா? அழுது வடியுது. வேற போடு."

"போட மாட்டேன் சார்."

"இவ இப்படித்தான் சார்," என்றார் கணவர். "பிடிச்சா ஒரே பிடி. வீட்லயும் நான்தான் விட்டுக் குடுத்துப் போறது."

தினமும் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை காத்திருந்து அழைத்துப் போகும் கணவர் யாருக்கு வாய்க்கும்! "குடுத்து வெச்சவடி நீ" என்று பக்கத்து இருக்கைத் தோழி அவள் காதில் கிசுகிசுத்தாள்.

மாஸ்டர் ஒன்றும் கல் நெஞ்சக்காரர் இல்லை. மாலையில் தொடங்கும் கண்காட்சியில், நுழைந்ததும் கண்ணில் படும் சுவரை அவளுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்.

"சரி, வரிசையையாவது மாத்தும்மா. மஞ்சள்ல ஆரம்பிச்சு சிவப்புல முடி. அப்பத்தான் எடுப்பா இருக்கும்."

"முடியாது சார். வரிசை இதுதான்."

"அப்ப படம் சுவருக்குப் போகாது. ஆறு மாசம் படிச்சது அத்தனையும் வீண். யோசிச்சுக்கோ."

கணவர் எழுந்து வந்து அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். "சாரே இவ்வளவு இறங்கி வர்றாரில்ல? மாத்திடு." முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் பொறுமையிழந்து அவளுடைய குறிப்புத் தாளை உயர்த்திக் காட்டினார். 'இந்த நிறங்களை ஏன் தேர்ந்தெடுத்தேன்?' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை.

"மத்தவங்க பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. நீ வாயத் திறந்து ஒரே ஒரு காரணம் சொல்லு போதும். நியாயமா இருந்தா இப்படியே மாட்டிடறேன்."

அவள் எழுந்து நின்றாள். பதில் மாஸ்டருக்குத்தான். ஆனால் பார்வையைக் கணவரின் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"இவர் அடிச்ச கன்னம் இந்த வரிசையிலதான் சார் ஆறுச்சு."