தோள்வார்

எல்லையில் இறந்த மகனின் சிமென்ட் சிலை முடியும் தறுவாயில் இருந்தது. துப்பாக்கியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சிற்பி கேட்டார். தகப்பன் சுடலைமணி எதையும் விடவில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கி, டார்ச், முனையில் கத்தி, தோளில் மாட்டும் வார்.

"எம்மவனுக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது."

அவர் மனைவி இசக்கியம்மாள் சிலையின் தோளைத் தடவினாள்.

"இது எத்தன வருசம் நிக்கும்ணே?"

"நூறு வருசம் அசையாதும்மா," என்றார் சிற்பி.

"அத்தன வருசமும் இவன்தான சொமக்கணும்? ஒரு கொடந் தண்ணிக்கே நாலு தடவ தோள் மாத்துவான்."

சுடலைமணி சிற்பியிடம் திரும்பினார்.

"வாரு மட்டும் வையுங்க," என்றார். "வலிச்சா தோள் மாத்திக்கிடட்டும்."